இனிப்பே தொடாதவருக்குச் சர்க்கரை ஏறியது எப்படி?



சென்ற முறை நம் அறக்கட்டளை நடத்திய இலவச இரத்தப் பரிசோதனை முகாமுக்கு, ஐம்பது வயதைக் கடந்த ஒரு சகோதரி தன் மருமகளோடு வந்திருந்தார். காலையில் வெறும் வயிற்றில் பார்த்ததில் சர்க்கரை 109. கவனமாக இருக்க வேண்டிய அளவுதான், பயப்படும்படி இல்லை. அட்டையில் எழுதிக் கொடுத்த பிறகும் மருமகள் நகரவில்லை.

"வீட்ல மெஷின் வாங்கி வெச்சிருக்கோம். மதியம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 280, 290னு காட்டுது. மெஷின்ல ஏதும் கோளாறா?"

"டீக்குக்கூட சீனி போடுறதில்லைம்மா. சோத்தையும் பாதியாக் குறைச்சுட்டேன்" என்றார் மாமியார். மருமகள் பதில் பேசவில்லை. ஆனால் முகத்தில் சந்தேகம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் இவர் எதையோ எடுத்துச் சாப்பிடுகிறார் என்று வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. அது அந்தச் சகோதரிக்கும் தெரியும். கண் கலங்கிவிட்டது.

மெஷினில் கோளாறு இல்லை. அவர் ஒளித்துச் சாப்பிடவும் இல்லை. என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டபோது, பையிலிருந்து பிரஷர் மாத்திரையோடு ஒரு சின்னக் காகிதப் பொட்டலமும் வந்தது. மூட்டு வலிக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. காலையில் பசியாறிய பிறகு ஒன்று, ஏழெட்டு மாதமாக. "இதைப் போட்டாத்தான் ஸுஜூதுக்குப் போய் எந்திரிக்க முடியுது" என்றார். அட்டையின் பின்புறம் பார்த்தால் பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு.

மூட்டு வலி மாத்திரைக்கும் மதியச் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? காலையில் சரியாகவும் மதியத்தில் தாறுமாறாகவும் இருப்பது ஏன்? இதற்குப் பதில் சொல்ல, கவலையிலும் அச்சத்திலும் நம் உடல் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் பற்றியும், அது நம் மரபணுக்களை எப்படி இயக்குகிறது என்பது பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்சம் பாடம் போலத்தான் இருக்கும். ஆனாலும் வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவராவது இருக்கும் குடும்பங்களே நம்மில் அதிகம் என்பதால், பொறுமையாகப் படியுங்கள்.

சிறுநீரகத்தின் மேல் இரண்டு குல்லாக்கள்

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் குல்லா வைத்ததுபோல ஆளுக்கொரு சிறு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்று பெயர். அதன் மேலுறை சுரக்கும் ஹார்மோன்தான் கார்ட்டிசால். மூளை ஆபத்தை உணர்ந்தால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாக அட்ரினலுக்குத் தகவல் போகிறது. கார்ட்டிசால் இரத்தத்தில் ஏறுகிறது.

இதை "கவலை ஹார்மோன்" என்று சொல்லிச் சொல்லி, ஏதோ விஷம் போல ஆக்கிவிட்டார்கள். அப்படி இல்லை. கவலையே இல்லாத நாளிலும் அது சுரக்கும். நள்ளிரவில் மிகக் குறைவாக இருந்து, பின்னிரவில் மெல்ல ஏறத் தொடங்கி, நாம் கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போகும். ஃபஜ்ருக்கு எழுந்து நடக்கும் தெம்பில் அதற்கும் பங்கு உண்டு. நோன்பு நேரத்தில் பகல் முழுதும் சாப்பிடாமல் இருந்தும் மூளைக்குச் சர்க்கரை தட்டுப்பாடு வராமல் காப்பதில், கல்லீரலுக்கு உதவும் ஹார்மோன்களில் அதுவும் ஒன்று. கார்ட்டிசால் அறவே சுரக்காதவர் மருந்து இல்லாமல் உயிர் வாழ முடியாது. அளவோடும் நேரத்தோடும் வந்து போவது அல்லாஹ்வின் அருட்கொடை. அளவு மீறித் தங்கிவிட்டால்தான் சங்கடம்.

மரபணுவைத் தட்டி எழுப்பும் விதம்

நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. ஏறத்தாழ 20,000 மரபணுக்கள், அதாவது ஜீன்கள். ஒவ்வொன்றும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. ஆனால் கல்லீரலில் எல்லாக் குறிப்புகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை, கொழுப்பணுவிலும் அப்படித்தான். பெரிய வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு இருந்தாலும், ஆள் இருக்கும் அறையில் மட்டும் சுவிட்ச் போடுவதில்லையா, அதுபோல.

கார்ட்டிசால் அந்தச் சுவிட்ச்களைப் போடவும் அணைக்கவும் வல்லது. அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் உயிரணுவின் சுவரைக் கடந்து நேரே உள்ளே போய்விடும். உள்ளே அதற்காகவே காத்திருக்கும் ஒரு புரதம் உண்டு, ஏற்பி என்பார்கள். கார்ட்டிசால் வந்து பொருந்தியதும், இரண்டும் சேர்ந்து உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, மரபணு இழையில் தமக்கென்று உள்ள இடங்களில் போய் அமர்கின்றன. அந்த இடத்தை ஒட்டிய ஜீன் விழித்துக்கொள்கிறது, அல்லது தூங்கப் போகிறது. இந்த ஏற்பிக்கான மனித ஜீனை ரொனால்ட் எவன்ஸ் குழுவினர் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் 1985இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் இந்தத் துறை வேகம் பிடித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது நேரம். நரம்பு வழியாக வரும் படபடப்பு நிமிடங்களில் அடங்கிவிடும். ஜீன் விழித்து, அதிலிருந்து புரதம் உருவாகி, அது வேலையைச் செய்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். காலையில் நடந்த சண்டையை நாம் மறந்திருப்போம். மதியத்தில் கல்லீரல் அதே வேலையாக இருக்கும். மாத்திரைக்கும் இதே கணக்குதான். காலையில் பசியாறிவிட்டுப் போட்ட ஸ்டீராய்டின் வேகம் சர்க்கரையில் தெரிவது மதியத்திலும் மாலையிலும். இரவில் அது தணிந்து, மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் ஏறக்குறைய ஒழுங்காகக் காட்டும். அந்தச் சகோதரியின் 109க்கும் 280க்கும் இதுதான் விளக்கம்.

காலையில் மட்டும் இரத்தம் எடுக்கும் நம் முகாமில் இதுபோல எத்தனை பேர் "நார்மல்" என்று எழுதி அனுப்பப்பட்டார்களோ தெரியாது. அது நம் முகாமின் குறைதான்; ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்லீரல் சர்க்கரை செய்கிறது

சர்க்கரை வாய் வழியாக மட்டும்தான் உடலுக்குள் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கல்லீரலே சர்க்கரை தயாரிக்கும் ஆலை. புரதச் சத்தின் துண்டுகளையும் வேறு சில பொருள்களையும் எடுத்துப் புதிதாகக் குளூக்கோஸ் செய்யும். அந்த ஆலையின் முக்கியமான இயந்திரம் ஒன்றுக்கான குறிப்பு, பிசிகே-1 என்ற ஜீனில் இருக்கிறது. கார்ட்டிசால் அந்த ஜீனை ஓட்டச் சொல்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதை நிறுத்தச் சொல்கிறது. ஒரே குழாயின் திருகை இரண்டு பேர் எதிரெதிராகத் திருப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கணையம் உள்ளவருக்கு இன்சுலின் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். கணையம் ஏற்கெனவே களைத்திருந்தால், கார்ட்டிசாலின் கை ஓங்கும். கூடவே அது தசைகள் இரத்தத்திலிருந்து குளூக்கோஸை எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது. தசையின் புரதத்தைக் கரைத்துக் கல்லீரலுக்கு மூலப்பொருளாக அனுப்புகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்டவருக்கு வயிறு முன்னே தள்ளியும், கை கால்கள் மெலிந்தும், தரையிலிருந்து எழக் கஷ்டமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஸுஜூதிலிருந்து எழுவதற்காகப் போட்ட மாத்திரை, எழுவதற்கான தொடைச் சதையையே தின்றுகொண்டிருந்தது.

கொழுப்பின் கதை

சர்க்கரையைவிட எனக்கு வியப்பூட்டியது கொழுப்பைப் பற்றிய ஆராய்ச்சி. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் டிரைகிளிசரைடு என்று ஒரு வரி இருக்கும். இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு அது. இரத்தக் குழாயின் உட்சுவரில் உள்ள ஒரு நொதி இந்தக் கொழுப்பை உடைத்துத் திசுக்களுக்குள் அனுப்பும். அந்த நொதியைத் தடுத்து நிறுத்தும் புரதம் ஒன்று இருக்கிறது. அதற்கான ஜீனின் பெயர் ஆங்ஜிபிடிஎல்-4. பெயர் வாயில் நுழையாவிட்டால் "தடுப்பு ஜீன்" என்று வைத்துக்கொள்வோம். தடுப்புப் புரதம் கூடினால் கொழுப்பு இரத்தத்திலேயே தங்கும்.

இந்தத் தடுப்பு ஜீனைக் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் விழிக்கச் செய்வது கார்ட்டிசாலின் ஏற்பிதான் என்று 2009இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாதாரண எலிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது இரத்தத்தில் கொழுப்பு ஏறியது. கல்லீரலிலும் கொழுப்புப் படிந்தது. இந்த ஒரு ஜீன் மட்டும் நீக்கப்பட்ட எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது அப்படி ஏறவில்லை.

எலியில் நடந்தது மனிதனுக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மனிதர்களில் சிலருக்கு இந்த ஜீனில் ஓர் எழுத்து பிறவியிலேயே மாறியிருக்கும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஆய்வு, இந்த மாற்றம் ஐரோப்பிய வழிவந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் இருப்பதையும், அவர்களுக்கு டிரைகிளிசரைடு குறைவாக இருப்பதையும் 2007இல் சொன்னது. 2016இல் வெளியான, 40,000க்கும் மேற்பட்டோரைப் பார்த்த இன்னோர் ஆய்வில் அவர்களுக்கு டிரைகிளிசரைடு 13 சதவீதம் குறைவு. நல்ல கொலஸ்ட்ரால் சற்று அதிகம். இதயக் குழாய் அடைப்பும் குறைவு. இவர்களிடம் டைப் 2 சர்க்கரை நோயும் குறைவாகவே காணப்படுகிறது என்று 2018இல் சேர்த்துச் சொன்னார்கள். அதாவது, கார்ட்டிசால் தட்டி எழுப்பும் ஒரு ஜீன், இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொழுப்பு, சர்க்கரை ஆகிய இரண்டு வரிகளையும் தொடுகிறது.

அப்படியானால் அந்த ஜீனை அடியோடு அடைத்துவிட்டால் நோய் ஒழிந்ததா? அந்த ஜீன் முற்றிலும் இல்லாத எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் கடும் அழற்சி ஏற்பட்டு அவை இறந்தன. தடுப்புக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. படைப்பில் வீணானது என்று எதையும் அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது.

ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது?

ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டு, ஒரே கடன் தொல்லையில் இருக்கும் அண்ணன் தம்பி இருவரில் ஒருவருக்கு மட்டும் சர்க்கரை வருகிறது. "பரம்பரை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் பல விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஏற்பியின் கூர்மையே ஆளுக்கு ஆள் வேறு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைப் பரிசோதித்தபோது, ஏற்பி ஜீனில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ள சிலருக்குக் கார்ட்டிசாலின் பேச்சு அவ்வளவாகக் காதில் விழுவதில்லை என்று கண்டார்கள். அவர்களுக்கு இன்சுலின் அளவும் கொலஸ்ட்ராலும் குறைவு. வேறொரு மாற்றம் உள்ளவர்களுக்கு ஏற்பி கூடுதல் கூர்மை.

இரண்டாவது, பிரேக். கார்ட்டிசால் விழிக்கச் செய்யும் ஜீன்களில் எஃப்கேபிபி-5 என்று ஒன்று உண்டு. அது செய்யும் புரதம் திரும்பி வந்து ஏற்பியின் கூர்மையை மழுக்கும். வேலை முடிந்ததும் விளக்கை அணைக்கும் ஏற்பாடு. இந்த ஜீனை நீக்கிய எலிகள் கொழுப்புத் தீனி தின்றும் மற்ற எலிகளைப் போலக் கொழுக்கவில்லை என்று 2017இல் மியூனிக் நகர ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே நகர ஆய்வாளர்கள் 2013இல் மனிதர்களில் கண்டது இன்னும் முக்கியமானது. சிறு வயதில் கடும் கொடுமைக்கு ஆளானவர்களில், இந்த ஜீனின் ஒரு வகையைக் கொண்டிருந்தோருக்கு, ஜீனின் மேலுள்ள இரசாயன அடையாளங்கள் சில அழிந்துபோய், வளர்ந்த பிறகும் அப்படியே இருந்தன. பிள்ளைப் பருவத்தின் அச்சம் ஜீனின் எழுத்தை மாற்றவில்லை. எழுத்தின் மேல் போட்ட குறியை மாற்றியிருக்கிறது. பிள்ளைகளை அடித்தே வளர்க்க வேண்டும் என்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

மூன்றாவது, தொப்பை. கொழுப்புத் திசுவில் உள்ள ஒரு நொதி, வீரியமில்லாத கார்ட்டிசோனைக் கார்ட்டிசாலாக மாற்றும் திறன் கொண்டது. அதன் ஜீனைக் கொழுப்பணுக்களில் மட்டும் மிகையாக ஓட விட்ட எலிகளுக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் ஏறின. இது 2001இல் வெளியான ஆய்வு. இரத்தத்தில் கார்ட்டிசால் சரியாக இருந்தாலும் தொப்பைக்குள் அதன் ஆட்சி கூடுதலாக இருக்கலாம் என்பது இதன் பொருள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஜீன் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டப் போய்விடாதீர்கள். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. எந்த ஜீன் இருந்தாலும் மருத்துவர் இன்று சொல்லப்போவது அதே இடுப்பு அளவு, அதே சர்க்கரைப் பரிசோதனை, அதே நடைதான்.

மாத்திரை என்பது அதே ஹார்மோன்

கார்ட்டிசால் மிகுந்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதற்கு எலி வேண்டியதில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இலேயே அப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். நிலா போல் வட்டமான முகம், முன் தள்ளிய வயிறு, மெலிந்த கை கால், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், உயர் இரத்த அழுத்தம், பலருக்குச் சர்க்கரை. குஷிங் நோய் என்று இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் எழ முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. வீசிங், சில தோல் நோய்கள், சிறுநீரக நோய்கள், முடக்குவாதம் என்று எத்தனையோ பேரை இந்த மருந்து காப்பாற்றியிருக்கிறது. கொரோனாவில் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரிழப்பைக் குறைத்ததும் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன்தான். அதே மருந்தை 2021இல் அளவும் தேவையும் பாராமல் கொடுத்ததும், கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் சேர்ந்தபோது, கறுப்புப் பூஞ்சை நோய் எத்தனை வீடுகளில் கண்ணையும் உயிரையும் பறித்தது என்பது நமக்கு மறந்திருக்காது.

அளவைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். நம் உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிகிராம். 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்று 20 மில்லிகிராம் கார்ட்டிசாலுக்குச் சமம். டெக்ஸாமெத்தசோன் என்றால் 0.75 மில்லிகிராமே அதற்குப் போதும். கடையில் "சின்ன மாத்திரைதானே" என்று கொடுக்கும் அரை மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், ஒரு நாள் முழுக்க உடல் சுரப்பதற்கு ஈடு. அதை நாளுக்கு இரண்டு, மூன்று என்று போட்டால்?

நம் வீடுகளுக்குள் இது எந்தெந்த வழியில் வருகிறது என்று பார்த்தால் கவலையாக இருக்கிறது. மூட்டு வலிக்கு, முதுகு வலிக்கு, சளிக்கு என்று சீட்டு இல்லாமல் வாங்குவது ஒன்று. நாட்டு மருந்து என்ற பெயரில் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பொடிகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இன்னொன்று. உண்மையான யூனானி, சித்த மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. போட்ட மறுநாளே பத்து வருட வலி பறந்துவிட்டால் அந்தப் பொடியைச் சந்தேகப்படுங்கள் என்கிறேன். மூன்றாவது, நிக்காஹ் நிச்சயமான ஒல்லியான பெண் பிள்ளைகளுக்கு "உடம்பு வைக்க" என்று கொடுக்கும் மாத்திரை. பசி எடுக்கும், கன்னம் உப்பும், பார்ப்பவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். அது சதை அல்ல, கொழுப்பும் நீரும். முகம் வெளுக்கப் பூசும் சில கிரீம்களிலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். இது மிகவும் முக்கியம். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு போட்டவரின் அட்ரினல் சுரப்பி, வெளியிலிருந்துதான் வருகிறதே என்று தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்ற நிலை. கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் பார்த்து, வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பதுதான் வழி. வீசிங், சிறுநீரக நோய் போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்துப் போடுகிறவர்கள், சர்க்கரை ஏறும் என்ற பயத்தில் தாமாக அளவைக் குறைக்கவும் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை சர்க்கரை பாருங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அந்தத் தாளோடு அதே மருத்துவரிடம் போங்கள்.

ரமழானுக்கு முன் இவர்கள் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். காலை மாத்திரையை ஸஹருக்கு மாற்றுவதா, இஃப்தாருக்கு மாற்றுவதா, நோன்பு வைக்கலாமா என்பதை அக்கம்பக்கத்தில் கேட்டு முடிவு செய்யக் கூடாது. இஃப்தாருக்குப் பின் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும். கஞ்சியும் வடையும் சாப்பிட்ட நேரத்தில் சர்க்கரையும் கூடும். அட்ரினல் ஒடுங்கியவர் நோன்பில் மயங்கி விழ வாய்ப்பு உண்டு. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்களும் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். அதற்குத் தயங்க வேண்டாம்.

மாத்திரை போடாதவர்களுக்கு

அன்றாடக் கவலையில் ஏறும் கார்ட்டிசால், மாத்திரையில் வருவதை விட மிகக் குறைவு. கவலைப்பட்டாலே சர்க்கரை நோய் வந்துவிடும் என்று சொன்னால் அது பொய். ஆனால் தூக்கம் கெடுவது தனிக் கணக்கு. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், ஆறே நாளில் அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. மாலையில் தணிந்திருக்க வேண்டிய கார்ட்டிசால் தணியாமல் இருந்தது. இஷாவுக்குப் பின் படுக்கச் சொன்ன வழிமுறையை விட்டு, இரண்டு மணி வரை செல்போனோடு விழித்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். கடையை இரவு பன்னிரண்டுக்குச் சாத்திவிட்டு, ஃபஜ்ருக்கு எழும் வாப்பாமார்களுக்கும் பொருந்தும். அவர்கள் லுஹருக்கு முன்னோ பின்னோ சற்றுக் கண்ணயர வழி செய்து கொடுங்கள்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில். இத்தனை கோடிப் பேரும் திருட்டுத்தனமாக இனிப்புச் சாப்பிட்டவர்கள் அல்லர். சாப்பாடு பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியைப் பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் சர்க்கரை ஏறிய ஒருவரைப் பார்த்ததும் "என்ன சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்கிறோம். எப்படித் தூங்குகிறீர்கள், என்ன மாத்திரை போடுகிறீர்கள், மனசில் என்ன பாரம் என்று கேட்பதில்லை. குற்றவாளியாக நிறுத்தப்படுவதும் ஒரு பாரம்தான்.

அந்தச் சகோதரியை நம் அறக்கட்டளை வழியாக மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினோம். சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கி, ஸ்டீராய்டை மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். மதியச் சர்க்கரை இப்போது 170ஐ ஒட்டி நிற்கிறது. மூட்டு வலி திரும்ப வந்துவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. முழங்கால் தேய்மானம் என்று தெரிந்து, தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைக்கு நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். பயிற்சியை நாள் தவறாமல் செய்ய வைப்பது அந்த மருமகள்தான்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த முகாமில் காலையில் மட்டுமன்றி, மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்கிறோம். வருகிறவர்கள் வீட்டில் போடும் மாத்திரைகள், பொடிகள், லேகியம், முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் அப்படியே எடுத்து வாருங்கள். பெயர் கிழிந்த அட்டையானாலும் பரவாயில்லை. யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.